ரக்பியும் அமெரிக்கக் கால்பந்தும்

1872ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று கல்கத்தாவில் வெள்ளையர்கள் பக்கத்துக்கு இருபது பேராகப் பிரிந்து ரக்பி ஆடினர். அடுத்த மாதமே அங்கு அதற்கென ஒரு சங்கம் தோன்றிற்று. ஆனால் நம் நாட்டு வெயில் அந்த ஆட்டத்துக்கு ஏற்றதன்று. டென்னிஸும் போலோவும் ஆட்களைக் கவர்ந்துகொண்டன. சில ஆண்டுகளில் சங்கம் கலைந்தபோது, எஞ்சிய பணத்தை வெள்ளி ரூபாய்களாகப் பெற்று உருக்கி, நாகங்களைக் கைப்பிடிகளாகவும் மூடியின்மேல் யானையையும் உடைய கோப்பை ஒன்றைச் செய்வித்தனர். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அக்கோப்பைக்காகப் பொருதி வருகின்றன. கல்கத்தா இன்று கொல்கத்தா ஆகிவிட்டது. கல்கத்தாக் கோப்பையின் பெயர் மட்டும் மாறவில்லை.

அக்கோப்பைக்கான முதற் போட்டிக்கு ஐந்தாண்டுகள் முன்னரே, ரக்பி அமெரிக்கக் கல்லூரிகளுக்குள் புகுந்துவிட்டது. 1874 மே மாதத்தில் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக மாணவர்கள் ஹார்வர்டுக்கு வந்து இரு நாட்கள் ஆடினர். முதல் நாள் ஹார்வர்டின் விதிகள். மறுநாள் ரக்பி விதிகள். ஹார்வர்டு மாணவர்களுக்கு விருந்தினரின் ஆட்டமே பிடித்துப்போயிற்று. 1876இல் கிழக்குக் கரைக் கல்லூரிகள் சில கூடி, ரக்பியைத் தழுவிய விதிகளை ஏற்றன.

அப்படியானால் இரண்டும் பிரிந்தது எங்கே? கீழே விழுந்தவனுடைய பந்து யாருக்கு உரியது என்ற கேள்வியில்தான் என்பது என் கருத்து. ரக்பியில் பிடிபட்டு விழுந்தவன் பந்தை விட்டுவிடவேண்டும். இரு தரப்பாரும் அதற்குப் போட்டியிடலாம். ஆட்டம் நில்லாமல் ஓடும். யேல் கல்லூரியின் வால்டர் காம்ப் இந்த நிச்சயமின்மையை விரும்பவில்லை. 1880இல் அவர் முயற்சியால் ஆட்டக்காரர் தொகை பதினொன்றாகக் குறைந்தது. பந்தும் ஒரு தரப்புக்கே உரியதாயிற்று. விளைவு வேடிக்கையானது. மறு ஆண்டு யேலும் பிரின்ஸ்டனும் ஆளுக்கு ஒரு பாதி நேரம் பந்தைப் பொத்தி வைத்துக்கொண்டன. வெற்றி எவருக்கும் இல்லை! ஆகவே 1882இல், மூன்று முயற்சிகளில் ஐந்து கஜம் முன்னேறாதவர் பந்தை இழக்கவேண்டும் என்று விதித்தார்கள். இன்று அது நான்கு முயற்சிகளில் பத்து கஜம். ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே ஆட்டம் நிற்பதால், அங்கே யோசனைக்கும் திட்டத்துக்கும் இடம் பிறந்தது. சதுரங்கத்தின் சாயல் அதில் உண்டு.

வேறுபாடு இன்னும் ஒன்று. இதுவே உயிருக்கு உலை வைத்தது. ரக்பியில் பந்து ஏந்தியவனை மட்டுமே பிடித்து வீழ்த்தலாம். அமெரிக்க ஆட்டத்திலோ, அவனுக்கு வழி செய்வதற்காகத் தோழர்கள் எதிரிகளை முட்டி விலக்கலாம். மாணவர்கள் கோட்டைச் சுவர்போல் திரண்டு மோதினார்கள். 1905இல் மட்டும் பதினெட்டுப் பேருக்குக் குறையாமல் இறந்ததாகப் பத்திரிகைகள் கணக்கிட்டன. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் பெரிய கல்லூரிகளின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கே அழைத்துப் பேசினார். கூட்டமாக மோதுவதைக் குறைக்க, 1906இல் பந்தை முன்னோக்கி எறிய அனுமதித்தனர். ரக்பியில் அது இன்றும் குற்றம். உறவு அத்துடன் அறுந்தது.

கலிபோர்னியாவும் ஸ்டான்போர்டும் அவ்வாண்டே அமெரிக்க ஆட்டத்தை வெறுத்து ரக்பிக்குத் திரும்பின. பின்னர் அவையும் பழைய வழிக்கே சென்றன என்றாலும், அங்கு விதைத்தது வீண்போகவில்லை. 1920, 1924 ஆகிய இரு ஒலிம்பிக்குகளிலும் அமெரிக்காவே ரக்பித் தங்கம் வென்றது. 1924இல் பாரிஸில், பிரெஞ்சு ரசிகர்களின் கூச்சலுக்கிடையே, பிரான்ஸை 17-3 என்று வீழ்த்திற்று.

காண்பதற்கு அமெரிக்க ஆட்டம் சிறந்தது எனலாம். பொழுதுபோக்காக ஆடுவதற்கோ, தலைக்கவசமும் தோள்காப்பும் வேண்டும் அவ்வாட்டம் எளிதன்று. கல்லூரியை விட்டவர்களில் மிகப் பலர் அதையும் விட்டுவிடுகின்றனர். ரக்பி நாடுகளிலோ, அலுவலகம் செல்பவர் சனிக்கிழமைதோறும் தம் சங்கத்தின் மூன்றாம் நான்காம் அணிகளிலாவது ஆடுவார். அதற்காக ரக்பி சாதுவானது என்று எண்ணவேண்டாம்: தலையில் பட்ட அடிகளால் மூளை நலிந்ததாகக் கூறி இரண்டு ஆட்டங்களின் முன்னாள் வீரர்களும் வழக்குத் தொடுத்துள்ளனர்.

வீழ்த்துதலை நீக்கிய எளிய வடிவங்களும் இரண்டுக்கும் உண்டு. சடுகுடு ஆடிய நமக்கு அவை உடனே புரியும்: சிலவற்றில் தொட்டால் போதும், அமெரிக்கர் விரும்பும் ஒன்றில், இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையைப் பறித்தால் ஆள் பிடிபட்டதாகப் பொருள். இந்தத் துணிப்பட்டை ஆட்டமே 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது.