டோப்ருக் முற்றுகையும் நொச்சி மறவரும்

அரணை வளைத்துப் பொருதலை உழிஞை என்றும், வளைக்கப்பட்ட அரணைக் காத்து நிற்றலை நொச்சி என்றும் வகுத்தது நம் புறப்பொருள் இலக்கணம். வென்றவனுக்கு மட்டுமன்றி, மதிலைவிட்டு அகலாது நின்றவனுக்கும் பூவும் பெயரும் தந்த மரபு அது. போரில் பட்ட வீரனுக்கு நடுகல் நாட்டி வாழ்த்துதலையும் அம்மரபு கடமையாகக் கொண்டது. இருபதாம் நூற்றாண்டில் ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் நிகழ்ந்த ஒரு நொச்சிப் போரையும், அதில் நின்ற நம் நாட்டவரையும் இம்மலர் வழியே நினைவுகூர்தல் நம் கடனாகும்.

லிபியாவின் கிழக்குக் கடற்கரையில் உள்ள டோப்ருக் ஒரு சிறு துறைமுகம். ஆயினும் ஆழ்ந்த நீரும் காற்றுக்கு மறைவும் உடையது. பாலையில் போரிடும் படைக்கு உணவும் எண்ணெயும் தண்ணீரும் கடல்வழியே வந்தாக வேண்டும். எகிப்தை நோக்கிச் செல்பவன் இத்துறையைத் தன் முதுகுக்குப் பின்னால் பகைவர் கையில் விட்டுச் செல்ல இயலாது. இதுவே அச்சிற்றூருக்காகப் பேரரசுகள் மோதியதன் காரணம்.

1941 ஜனவரி 22 அன்று ஆஸ்திரேலியப் படையினர் அதனை இத்தாலியரிடமிருந்து கைப்பற்றினர். இரண்டு திங்கள் கழிந்ததும் ஜெர்மானியத் தளபதி ரோமெல் பாய்ந்து வந்தார். அவரைத் தடுக்க மெக்கிலி என்னுமிடத்தில் நின்றது நம் 3-ஆவது இந்திய மோட்டார் பிரிகேடு. குதிரைகளை விட்டு லாரிகளில் ஏறியிருந்த அப்படையினரிடம் ஒரு டாங்கியும் இல்லை. ஏப்ரல் 8 அன்று மெக்கிலி வீழ்ந்தது, பலர் சிறைப்பட்டனர். எனினும், அவர்கள் தாமதப்படுத்திய ஒவ்வொரு நாளும் டோப்ருக்கைக் காப்போருக்குக் கிடைத்த நாளாயிற்று.

ஏப்ரல் 10 அளவில் முற்றுகை தொடங்கியது. உள்ளே தலைமை ஏற்றவர் ஆஸ்திரேலியரான லெஸ்லி மோர்ஸ்ஹெட். ஏறத்தாழ 14,000 ஆஸ்திரேலியரும், பிரிட்டிஷ் பீரங்கிப் படையினரும், நம் 18-ஆவது குதிரைப்படைப் பிரிவினரும் அரணைக் காத்தனர். முப்பது மைல் அளவு நீண்ட அவ்வரண் இத்தாலியர் முன்பே கட்டி வைத்த குழிக்காவல்களால் ஆனது. ராஜபுத்திரரும் ஜாட்டுகளும் காயம்கானி முஸ்லிம்களும் கலந்த நம் படைப்பிரிவு, காலாட்களாகவே நிலத்தில் இறங்கி அவ்வரணில் நின்றது. இருளில் பகைவர் வரிசைக்குள் ஊர்ந்து சென்று வேவு பார்த்தது.

ஏப்ரல் 13, 14 நாட்களில் ரோமெலின் டாங்கிகள் அரணைப் பிளந்து நுழைந்தன. அதுவரை டாங்கிகள் நுழைந்த இடத்தில் காலாட்கள் கலைவதே வழக்கமாயிருந்தது. இங்கோ, டாங்கிகளைப் போகவிட்டுக் குழிகளிலேயே அமர்ந்திருந்தவர்கள், அவற்றின் பின்னே வந்த காலாட்களை மறித்தனர். துணையின்றி உள்ளே சென்ற டாங்கிகளைப் பீரங்கிகள் நேர் நின்று சுட்டன. தாக்குதல் முறிந்தது. மே மாதத் தொடக்கத்தில் மேற்கேயுள்ள ராஸ் எல் மெதௌவர் குன்றைப் பகைவர் பற்றினர். ஆயினும் துறைமுகத்தை அடைய இயலவில்லை.

பின்னர் வந்தது பொறுமைப் போர். வெயில், புழுதி, ஈ, உவர்நீர், ஓயாத வான்தாக்குதல் ஆகிய இவற்றினிடையே மாதங்கள் கழிந்தன. நிலவற்ற இரவுகளில் நாசகாரிக் கப்பல்கள் உணவையும் குண்டுகளையும் கொணர்ந்து, காயமுற்றோரை ஏற்றிச் சென்றன. பொறியில் அகப்பட்ட எலிகள் என ஜெர்மானிய வானொலி இகழ்ந்தது. அவ்விகழ்ச்சியையே அவர்கள் பட்டமாக ஏற்று, ‘டோப்ருக் எலிகள்’ எனப் பெருமிதம் கொண்டனர். ஆகஸ்டில் போலந்துப் படை வந்து சேர, நம் 18-ஆவது குதிரைப்படை அம்மாதமே விடைபெற்றது. செக்கோஸ்லோவாக்கியரும் பிரிட்டிஷாரும் தொடர்ந்து காத்தனர். 241 நாட்களுக்குப் பின், டிசம்பரில் முற்றுகை நீங்கியது. முற்றுகையில் மட்டும் எண்ணூறுக்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியர் உயிர் துறந்தனர்.

அடுத்த ஆண்டு கதை மாறியது. 1942 ஜூன் 20 அன்று ரோமெல் மீண்டும் தாக்கினார். அந்த அடி விழுந்தது தென்கிழக்கில் 11-ஆவது இந்தியப் பிரிகேடு நின்ற பகுதியில். கண்ணிவெடி வயல்கள் குறைந்து, அரண் சீர்குலைந்திருந்த நேரம் அது. மறுநாள் டோப்ருக் பணிந்தது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர். மராட்டியரும் கூர்க்கரும் அவருள் இருந்தனர்.

ஆஸ்திரேலியர் தம் வீரரை மறக்கவில்லை. டோப்ருக் இடுகாட்டில் 1941-இல் வீரர்களே எழுப்பிய சின்னத்தின் வடிவில், கான்பெராவில் 1983-இல் நினைவுச் சின்னம் எழுந்தது. முதுவீரர்கள் மெல்போர்னில் சங்கமும் இல்லமும் அமைத்தனர். அவர்கள் மறைந்து வர, மக்களும் பேரரும் அந்நினைவை ஏந்தி வருகின்றனர்.

நம் நிலை யாது? தலைநகரின் இந்தியா வாயில் 1914 முதல் 1921 வரை மாண்டோருக்கு உரியது. 2019-இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகம் விடுதலைக்குப் பின் மாண்டோருக்கு உரியது. இடைப்பட்ட பாலைவனப் போரில் மாண்டு எரியூட்டப்பட்ட அறுநூறுக்கும் மேற்பட்டோரின் பெயர்களைக் காண எகிப்தின் எல் அலமீனுக்கே செல்ல வேண்டும். அயலரசின் சீருடையில் போரிட்டவர் என்பதால் அவர்தம் உறுதி குறைந்துவிடுமா? சிறைப்பட்டோருள் சிலர் நேதாஜியின் படையிற் சேர்ந்தனர். சிலர் மறுத்துச் சிறையிலேயே இருந்தனர். இருசாராரும் நம்மவரே. ஒரு சாராரைப் புகழ மறுசாராரை மறத்தல் நீதியன்று.

தமிழருக்கும் இதில் பங்குண்டு. வட ஆப்பிரிக்கப் பாலையில் போரிட்ட 4-ஆவது இந்திய டிவிஷனில் மதராஸ் சாப்பர்கள் பணிபுரிந்தனர். அந்த டிவிஷனின் சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் கண்ணிவெடி ஒன்றின்மேல் தம் உடலைச் சாய்த்துத் தோழரைக் காத்து மாண்டார். ஜார்ஜ் சிலுவை அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பெற்றது.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு, தொலைநிலத்தில் நிற்பவனின் உள்ளம் விளங்காததன்று. நம் சங்க உறுப்பினர் இல்லங்களில் பழைய ராணுவப் பதக்கமோ கடிதமோ பெட்டியடியில் கிடக்கக்கூடும். அதற்குரியவரின் பெயரையும் படைப்பிரிவையும் அவர் நின்ற களத்தையும் முதியோரிடம் கேட்டு எழுதி வைப்போமாக. கல் நாட்ட இயலாதவர் ஏட்டிலேனும் பெயர் பொறித்தல் கூடும்.