பேரேட்டில் வராத கணக்கு

பி.காம். படித்தபோது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களைப் பற்றி ஒரே ஒரு பத்தி இருந்தது. பர்மா, மலேயா, சுமத்ரா என்று கடல் கடந்து போய்க் கொடுக்கல் வாங்கல் செய்தார்கள், அவ்வளவுதான். வங்கி வேலைக்கு வந்தபிறகு கொஞ்சம் எண்கள் சேர்ந்தன. 1930களின் மந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, ஈடு வைத்த நிலம் கைக்கு வந்தது. 1937 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் கால்வாசி நிலம் அவர்களிடம். அதே 1937இல் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னையோடு ரங்கூனிலும் கிளை திறந்தது.

எண்கள் சரி. அந்தக் கடையில் சம்மணமிட்டுக் கணக்கெழுதிய பையன் எப்படி இருந்தான்? அதைச் சொன்னவர் ப.சிங்காரம்.

சிங்கம்புணரிக்காரர். 1938இல் சுமத்ராவின் மெடானுக்குப் போய் வட்டிக்கடையில் வேலை பார்த்தவர். யுத்தத்தை அங்கேயே பார்த்துவிட்டு 1946இல் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் சேர்ந்தார். எழுதியது இரண்டே நாவல்கள்: 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி'. இரண்டாவது 1972இல்தான் புத்தகமாக வந்தது.

'கடலுக்கு அப்பால்' நாவலில் செல்லையா என்ற கடைப் பையன் நேதாஜியின் படைக்குப் போய்த் திரும்புகிறான். முதலாளி அவனுக்குத் தன் பெண்ணைக் கொடுக்க மறுக்கிறார். பட்டாளத்துக்குப் போனவன் வட்டித்தொழிலுக்கு ஆகமாட்டான் என்பது அவர் கணிப்பு. கடன் மனு பார்க்கிற எங்களுக்கு இது நன்றாகப் புரியும். சொத்தைவிட ஆளைத்தான் முதலில் எடை போடுவோம் :-) ஒரு சமூகத்தின் கடன் கொள்கை மொத்தமும் அந்த மறுப்பில் இருக்கிறது. அதற்கு இரண்டு பேர் கொடுத்த விலையும் இருக்கிறது. எந்த ஐந்தொகையிலும் அது ஏறாது.

நாவலை வைத்துத் தேதியோ தொகையோ எழுதக்கூடாது, அதற்கு ஆவணம்தான் வேண்டும். ஆனால் ஆவணத்திடம் என்ன கேட்கவேண்டும் என்று நாவல் சொல்லிக்கொடுக்கிறது.

நான் குடியிருக்கும் மர்பி டவுனையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து அல்சூரில் 1809இல் ஆங்கிலேயர் கண்டோன்மெண்ட் அமைத்தபோது, சென்னைப் பட்டாளத்தோடும் அதன் பின்னாலும் வந்த தமிழர்கள் ஏராளம். பட்டாளத்தின் வரலாறு எழுதப்பட்டுவிட்டது. அதற்குச் சமைத்தவர், துணி வெளுத்தவர், தைத்தவர் வீடுகளில் என்ன பேசிக்கொண்டார்கள்? இங்கே பெரியவர்களிடம் கேட்டால் இன்னும் கதை வருகிறது.

உங்கள் தெருவிலும் வரும். கேட்டு எழுதிவையுங்கள், நாளாக ஆக ஆள் குறைகிறது.