சட்டக் கல்லூரிக்கு ஓர் ஆற்றுப்படை

பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணனோ கூத்தனோ, வெறுங்கையோடு எதிரே வரும் இன்னொருவனைக் கண்டதும் நின்றுவிடுகிறான். தான் போய்வந்த வழியைச் சொல்கிறான். எங்கே தங்கலாம், யார் சோறிடுவார்கள், எவரை எப்படி அணுக வேண்டும் என்று விரித்துரைக்கிறான். மலைபடுகடாமில் வழியின் இடர்களும் உண்டு. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கிறது, பாம்பு உறையும் குழி எங்கே, தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல் எந்தப் பக்கமிருந்து வரும் என்றெல்லாம் எச்சரித்து அனுப்புகிறான். பெற்றவன் பெறாதவனை வழிப்படுத்துவதுதான் அந்த இலக்கிய வகையின் இலக்கணம்.

ஒரு சட்டக் கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கம் எதற்காக இருக்கிறது என்ற கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான விடை எனக்குத் தெரியவில்லை. ஆண்டுக்கொரு முறை கூடுவதும், பழைய படங்களைப் பார்த்து நெகிழ்வதும், ஆசிரியர்களுக்குப் பொன்னாடை போர்த்துவதும் நல்லவையே. ஆனால் சங்கத்தின் உயிர் எதிரே வருகிறவனுக்காக நிற்பதில் இருக்கிறது.

உயர் நீதிமன்றத்தின் நிழலில்

மாநிலக் கல்லூரியில் நடந்துவந்த சட்ட வகுப்புகள் 1891இல் தனிக் கல்லூரியாகப் பிரிந்தன. அதுவே சென்னைச் சட்டக் கல்லூரி. பாரிமுனையில், உயர் நீதிமன்றத்தை ஒட்டி, ஹென்றி இர்வின் வடிவமைத்த இந்தோ சாரசெனிக் பாணிச் செங்கற் கட்டடம் 1899இல் எழுந்தது. வகுப்பு முடிந்ததும் நடந்தே போய் வாதங்களைக் கேட்டுவிட்டுத் திரும்பலாம். பாடப்புத்தகத்தில் படித்த பிரிவு, அடுத்த கட்டடத்தில் ஒருவருடைய நிலமாகவோ விடுதலையாகவோ மாறிக்கொண்டிருக்கும்.

அங்கே படித்தவர்களின் வரிசை நெடியது. நெல்லூர் மாவட்டத்துப் புதூரில் கோயில் அர்ச்சகரின் மகனாகப் பிறந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலாகி, அரசியலமைப்பு வரைவுக் குழுவின் எழுவரில் ஒருவரானார். கே. சுப்பாராவ் இந்தியத் தலைமை நீதிபதியாக இருந்து, அடிப்படை உரிமைகளைக் காத்த கோலக்நாத் தீர்ப்பைத் தந்தார். ஆர். வெங்கட்ராமன் தொழிலாளர் வழக்கறிஞராகத் தொடங்கிக் குடியரசுத் தலைவரானார். பவானிக்கு அருகே கடப்பநல்லூரில் விவசாயக் குடும்பத்தில், அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வளர்ந்த பி. சதாசிவம் 2013இல் இந்தியத் தலைமை நீதிபதியானார்.

இப்பெயர்களை விழா மேடைகளில் பெருமையோடு சொல்கிறோம். சொல்லும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அர்ச்சகர் மகனும் உழவர் மகனும் வீட்டில் சட்டப் புத்தக அலமாரியோடு பிறந்தவர்கள் அல்லர். அவர்களுக்குக் கதவு திறந்தது கல்லூரி. கதவைத் தாண்டிய பிறகு வரும் நடைவழிதான் இன்றும் பல பிள்ளைகளுக்கு இருட்டாக இருக்கிறது.

ஒரு கேஸ் கட்டும் ஒரு கேள்வியும்

நான் வழக்கறிஞராகப் பதிவு செய்த ஆண்டு, ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் முதல் முறையாகச் சொந்தமாக ஒரு பிராது தாக்கல் செய்தேன். நான்காம் நாள் கட்டு திரும்பி வந்தது. பின்பக்கத்தில் ஐந்து குறைகள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. மதிப்பீட்டுக்கான பிரிவு தவறு, ஆவணப் பட்டியலில் தேதி இல்லை, வக்காலத்தில் வெல்ஃபேர் ஸ்டாம்பு ஒட்டவில்லை. மற்ற இரண்டும் எனக்குப் புரியவே இல்லை. எத்தனை நாளுக்குள் மறுபடி தாக்கல் செய்ய வேண்டும் என்பதும் தெரியாது. எங்கள் வீட்டில் கோர்ட்டுக்குப் போனவர்கள் உண்டு. கறுப்புக் கோட்டு போட்டுப் போனவர்கள் இல்லை.

வராந்தா பெஞ்சில் கட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு மூத்த வழக்கறிஞர் நின்றார்.

"எந்தக் காலேஜ், தம்பி?"

"மெட்ராஸ் லா காலேஜ், சார்."

"நானும் அங்கதான். இப்படிக் கொடு."

அருகில் உட்கார்ந்து பென்சிலால் ஒவ்வொரு குறைக்கும் பக்கத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதினார். தன் குமாஸ்தாவை அழைத்து, நூல் கட்டும் முறையையும் டாக்கெட் எழுதும் முறையையும் எனக்குக் காட்டச் சொன்னார். எல்லாம் சேர்ந்து கால்மணி நேரம். பிராது அன்று மாலையே மறுபடி தாக்கலாகி, அந்த வாரமே நம்பர் ஆனது.

அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. யாருடைய பையன் என்று கேட்கவில்லை. எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்கவில்லை. எந்தக் காலேஜ் என்று மட்டும் கேட்டார். சங்கத்தின் தத்துவம் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது என்று இன்றும் நம்புகிறேன்.

நம் தொழிலில் சேம்பர் கிடைப்பது பெரும்பாலும் உறவாலும் ஊராலும் அமைகிறது. பல நேரங்களில் சாதியாலும் அமைகிறது என்பதை மறைத்துப் பயனில்லை. 2008 நவம்பரில் அந்தக் கல்லூரி வாசலில் மாணவர்கள் சாதியால் பிரிந்து மோதியதை நாடே பார்த்தது. சமத்துவத்தைச் சட்டமாக்கிய மேதை அம்பேத்கரின் பெயரை 1990 முதல் தாங்கி நிற்கும் கல்லூரிக்கு அது ஆறாத புண். உறவும் ஊரும் சாதியும் கேட்காத ஒரு வழியைத் திறந்து வைப்பதே அதற்கு மூத்தவர்கள் செய்யக்கூடிய பரிகாரம்.

வாசலில் நிற்க வேண்டிய நாள்

அந்த வழி பதிவு நாளிலிருந்து தொடங்க வேண்டும். வழக்கறிஞராகப் பதிவு செய்யும் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் பல்லாயிரமாக இருந்தது. வழக்கறிஞர் சட்டத்தின் 24ஆம் பிரிவில் சொன்ன தொகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுப்பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய். அந்தத் தீர்ப்பு ஒரு சுமையை இறக்கிவிட்டது. கோட்டும் கவுனும் பட்டையும் வாங்கும் செலவு, அகில இந்தியப் பார் தேர்வுக்கான புத்தகச் செலவு, வருமானமில்லாத முதல் ஆண்டுகளின் வாடகை ஆகியவை இறங்கவில்லை.

அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர்களின் நிலையையும் கையிலெடுத்தது. சென்னை, மதுரை, கோவை நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகத் தரப்பட வேண்டும் என்று வழிகாட்டியது. இதைச் சேம்பர்தோறும் நடைமுறையாக்கும் வல்லமை யாருக்கு இருக்கிறது? இன்று சீனியர்களாக இருப்பவர்களில் பெரும்பகுதி நம் கல்லூரிகளின் முன்னாள் மாணவர்களே. "எங்கள் சங்க உறுப்பினரின் சேம்பரில் ஜூனியர் வெறுங்கையோடு வீடு திரும்பமாட்டார்" என்று ஒரு சங்கம் தீர்மானம் போட்டு, அதை முதலில் தன் நிர்வாகிகளிடம் நடைமுறைப்படுத்தினால், அந்த ஒரு தீர்மானமே நூறு பொன்னாடைகளுக்குச் சமம்.

கற்பிப்பதும் கற்பதும்

முன்னாள் மாணவர்களின் அறிவுப் பணிக்கு உலகில் முன்னுதாரணங்கள் உண்டு. 1886இல் ஹார்வர்டு சட்டப் பள்ளியின் பழைய மாணவர்கள் சங்கம் அமைத்தபோது அதன் முதல் செயலாளர் லூயிஸ் பிராண்டைஸ் என்ற இளம் வழக்கறிஞர். அடுத்த ஆண்டு மாணவர்கள் ஹார்வர்டு லா ரெவ்யூவைத் தொடங்கியபோது துணை நின்றவர்களில் அவரும் ஒருவர். பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியானார். நம் நாட்டிலும் ஒரு சான்று இருக்கிறது. பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியில் படித்த ஷம்நாத் பஷீர், 2010இல் 'இடியா' என்ற அமைப்பைத் தொடங்கினார். கிராமப்புற, ஏழை மாணவர்களைத் தேடிப்போய்ச் சட்ட நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி கொடுத்துத் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்குள் அழைத்துவந்த அமைப்பு அது. தான் நுழைந்த வாசலை இன்னொருவருக்கும் காட்டிய செயல், ஆற்றுப்படையேதான்.

நம் சங்கங்கள் செய்யக்கூடியவை எளியவை. மாதம் ஒரு சனிக்கிழமை, ஜாமீன் மனுவும் பிராதும் எதிருரையும் தமிழில் வரையும் பயிற்சி. மாவட்ட நீதிமன்றங்களில் தமிழே நீதிமன்ற மொழியாக இருக்க, சரியான சட்டத் தமிழில் ஒரு பத்தி எழுதத் தடுமாறும் பட்டதாரிகளை நாம் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு நீதிபதிகளாக அமர்வது, விசாரணை நீதிமன்றத்தில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதை நேரில் காட்டுவது ஆகியவற்றுக்கும் பணம் தேவையில்லை, நேரம் போதும்.

இந்தப் பாடம் ஒருவழிப் பாதையும் அன்று. 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. முப்பது ஆண்டுகள் நாவில் ஊறிய கொலைப் பிரிவு 302, இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 103. முன்ஜாமீனுக்கு 438 என்று எழுதிப் பழகிய கை, 482 என்று எழுத வேண்டும். அந்த 482ஓ பழைய சட்டத்தில் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். இந்த மயக்கம் புதிதாகப் படித்து வந்த பிள்ளைக்கு இல்லை. மூத்தவர் வழக்கு நடத்தும் கலையைச் சொல்லித்தர, இளையவர் புதிய பிரிவுகளைச் சொல்லித்தரும் அரங்கு ஒன்று அமைந்தால், இருவருமே மாணவர்களாக அமரலாம்.

வழக்காடியின் கதவு வரை

சீனியர் இல்லாத ஜூனியரைப் போலவே, வழக்கறிஞர் இல்லாத வழக்காடியும் இருக்கிறார். 1937இல் சென்னைச் சட்டக் கல்லூரியில் படிப்பை முடித்த வி.ஆர். கிருஷ்ண ஐயர், 1973இல் இலவசச் சட்ட உதவிக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1976இல் அரசியலமைப்பில் இலவசச் சட்ட உதவிக்கான 39ஏ பிரிவு சேர்ந்தது. 1987இன் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995 நவம்பர் 9இல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்களும் குழந்தைகளும் பட்டியல் சாதியினரும் காவலில் உள்ளோரும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞரைப் பெறலாம். இந்த உரிமை இருப்பதே தெரியாமல் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து ஃபீஸ் கட்டுகிற தாய்மாரை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். கல்லூரியின் சட்ட உதவி மையத்தோடு சங்கம் கைகோத்து, மாணவர் ஒருவரும் மூத்தவர் ஒருவருமாக இருவர் இருவராகக் கிராமங்களுக்குப் போனால், அந்தத் தாயிடம் செய்தி நேரில் சேரும். மாணவருக்கும் அதைவிடச் சிறந்த வகுப்பறை கிடையாது.

ஒழுங்கும் எல்லையும்

நல்லெண்ணம் மட்டும் ஒரு சங்கத்தை நிறுத்தாது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்கீழ் பதிவும், தணிக்கை செய்த கணக்கும், காலத்தில் நடக்கும் தேர்தலும் வேண்டும். கல்லூரிகளுக்கான நாக் தர மதிப்பீட்டில் முன்னாள் மாணவர் பங்களிப்புக்கென்றே தனி அலகு இருக்கிறது. ஆனால் மதிப்பெண்ணுக்காக ஏட்டில் மட்டும் வாழும் சங்கம், மதிப்பீட்டுக் குழு ஊர் திரும்பியதும் உறங்கிவிடும்.

வேறெந்தத் துறைச் சங்கத்துக்கும் இல்லாத ஓர் எல்லையும் நமக்கு உண்டு. நம் உறுப்பினர்களில் வழக்கறிஞரும் இருக்கிறார். அவர் நாளை எந்த நீதிபதியின் முன் நிற்பாரோ அந்த நீதிபதியும் இருக்கிறார். ஒரே நீதிமன்றத்தில் தொழில் செய்யும் வழக்கறிஞர்களுடன் நெருங்கிய பழக்கத்தை நீதிபதிகள் தவிர்க்க வேண்டும் என்று 1997இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற நீதித்துறை விழுமியங்கள் சொல்கின்றன. ஆகவே சங்கத்தின் மேடை வழக்குப் பேசும் இடமாகவோ, அறிமுகத்தைச் செல்வாக்காக மாற்றும் இடமாகவோ ஆகிவிடக் கூடாது. வழி காட்டலாம், வாசலைக் குறுக்குவழியில் திறந்துவிடக் கூடாது.

கட்டடம் மாறிய பிறகு

2018இல் கல்லூரி பாரிமுனையை விட்டுப் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் பிரிந்து சென்றது. இன்று படிக்கும் பிள்ளைக்கு உயர் நீதிமன்றம் நடை தூரத்தில் இல்லை. வகுப்பு முடிந்து வராந்தாவில் நின்று வாதம் கேட்ட அனுபவம் அவருக்கு வாய்க்காது. வழியில் யாரோ ஒரு மூத்தவர் கண்ணில் படும் வாய்ப்பும் குறைவு. முன்பு கட்டடமே செய்த வேலையை இனி மனிதர்கள் செய்ய வேண்டும். பழைய வளாகத்தில் படித்தவர்களின் நினைவுகளும் படங்களும் சிதறிப்போகுமுன் தொகுத்து வைப்பதும் அந்த வேலையில் ஒரு பகுதி.

என் பிராதைத் திருத்திக் கொடுத்தவரின் பெயரை அன்று நான் கேட்கவில்லை. கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன, நன்றி சொன்னதுகூட நினைவில்லை. அவர் பென்சிலால் எழுதிய அந்தத் தாளை மட்டும் பல ஆண்டுகள் வைத்திருந்தேன். இப்போது கோர்ட் வராந்தாவில் கட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், அவசரமாக வேறு கோர்ட்டுக்குப் போகிற நாளிலும் என் கால் நின்றுவிடுகிறது. "எந்தக் காலேஜ், தம்பி?" என்று கேட்கிறேன். வேறு கல்லூரியின் பெயரைச் சொன்னாலும் உட்கார்ந்து பென்சிலை எடுக்கிறேன். இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் இந்த ஆண்டு ஒரு பிள்ளைக்காவது அப்படி நின்றால், சங்கம் தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள்.