பொதுவியல் ஆடலும் புதுக்கால ஆடற்குழுக்களும்

பண்டைத் தமிழர் கூத்தினை வேத்தியல், பொதுவியல் என இருவகையாகப் பகுத்துக் கண்டனர். வேந்தன் அவையில் ஆடப்பெறுவது வேத்தியல். மன்றிலும் மறுகிலும் மக்கள்முன் ஆடப்பெறுவது பொதுவியல். சிலப்பதிகாரம் இவ்விரண்டையும் சுட்டுகின்றது. மாதவி ஆடிய பதினோராடல்களுள் குடக்கூத்தும் மரக்கால் ஆடலும் இடம்பெறுகின்றன. ஆகவே உடலின் வலிமையையும் சமநிலையையும் காட்டும் ஆட்டம் தமிழர்க்குப் புதியதன்று.

இன்று இளைஞர் ஆடும் ‘ஹிப் ஹாப்’ ஆட்டத்தைக் கண்டு, ‘இது கூத்தா, கூச்சலா?’ என முகஞ்சுளிப்போர் உளர். அதன் வரலாற்றை அறிந்தோர் அதனையும் பொதுவியலின் ஒரு கிளையாகவே கொள்வர். ஆயினும், தெருவில் பிறந்த ஆட்டம் கலையாக நிலைபெற வேண்டுமாயின் அதற்கு ஒரு குழு வேண்டும். அக்குழுவைக் கட்டி வளர்ப்போர் வேண்டும். இரவல் அசைவுகளைக் கடந்து தனக்கென ஓர் ஆடல்மொழியைக் கண்டடையும் துணிவும் வேண்டும்.

பேராக் மாநிலத் தமிழர்க்குப் பொதுவியல் ஆடல் தோட்டத்து வாழ்வோடு வந்தது. 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் இரப்பர்க் கன்றுகள் நடப்பெற்றன. பின்னர்க் காடுகள் தோட்டங்களாயின; தமிழகத்திலிருந்து வந்தோர் லயங்களில் குடியேறினர். பகலெல்லாம் பால்மரத்தடியில் உழைத்தவர்கள், தோட்டத்துக் கோயில் திடலில் கும்மியும் கோலாட்டமும் காமன் கூத்தும் ஆடினர். தப்பும் உறுமியும் முழங்கின. அங்கே நுழைவுச் சீட்டு இல்லை. ஆடுவோரும் காண்போரும் ஒரே லயத்தார்.

1950ஆம் ஆண்டுகளில் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. வேலையோடு வீட்டையும் இழக்கும் நிலை தொழிலாளர்க்கு நேர்ந்தது. பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் மாதந்தோறும் செலுத்திய பத்து வெள்ளியைக் கொண்டு தோட்டங்களை வாங்கும் முயற்சி அது. அம்முயற்சி பலரைக் காத்தது. ஆயினும் காலப்போக்கில் இரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயத்தை விட்டு நகர்ப்புறம் சென்றவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களை எடுத்துச் சென்றனர். கோயில் திடலை எடுத்துச் செல்ல இயலவில்லை. கூடி ஆடுவதற்கான களம் இவ்வாறு சுருங்கியது.

இதையொத்த நிலையிலேதான் ஹிப் ஹாப் பிறந்தது. அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில் பிராங்ஸ் என்னும் பகுதி உள்ளது. 1948 முதல் 1972 வரை அப்பகுதியின் குறுக்கே பெரும் விரைவுச்சாலை ஒன்று அமைக்கப்பெற்றது. பல்லாயிரம் மக்கள் வீடிழந்தனர். எஞ்சிய குடியிருப்புகளை வறுமை சூழ்ந்தது. 1973ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள், அங்குள்ள அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் சிறு விருந்து நடைபெற்றது. பள்ளிக்குச் செல்லப் புத்தாடை வாங்கப் பணம் திரட்டுவதற்காகச் சிண்டி கேம்பல் என்னும் மாணவி அதனை ஏற்பாடு செய்தார். ஜமைக்காவில் பிறந்த அவருடைய தமையனார் கிளைவ் கேம்பல், ‘கூல் ஹெர்க்’ என்னும் பெயரில் இசைத்தட்டுகளை இயக்கினார். பாட்டு நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் இடைப்பகுதியில் இளைஞர் மிகுந்த ஊக்கத்துடன் ஆடுவதை அவர் கண்டிருந்தார். ஆகவே இரண்டு இசைத்தட்டுகளை மாறி மாறி இயக்கி, அத்தாளப் பகுதியை நீட்டினார். அந்த நீட்சியே ‘பிரேக்’ ஆட்டத்திற்குக் களமாயிற்று. வீடிழந்தோர் பிள்ளைகள் தாளத்தின் இடைவெளியில் தமக்கோர் இடத்தைத் தேடிக்கொண்டனர் எனலாம். அன்று ஒரு கட்டடத்தின் அறையில் தொடங்கிய ஆட்டம், 2024இல் பாரிஸ் ஒலிம்பிக் அரங்கில் போட்டியாக இடம்பெற்றது.

இவ்வாட்டத்தை நாடக அரங்கிற்கு ஏற்றியவர்களுள் முன்னோடி ரென்னி ஹாரிஸ் ஆவார். பிலடெல்பியா நகரைச் சார்ந்த அவர், 1992இல் ‘பியூர்மூவ்மெண்ட்’ என்னும் நடன நிறுவனத்தை நிறுவினார். ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் கதையைத் தழுவி 2000ஆம் ஆண்டில் அவர் அமைத்த ‘ரோம் அண்ட் ஜுவல்ஸ்’, தெரு ஆட்டத்தாலும் ஒரு முழுக் கதையைச் சொல்ல இயலும் என்பதை நிலைநாட்டியது.

இந்தியாவில் இக்கலைக்குப் பெயர் தேடித் தந்த குழுக்களுள் ‘கிங்ஸ் யுனைடெட்’ குறிப்பிடத்தக்கது. மும்பையின் வடபால் உள்ள புறநகர்ப் பகுதிகளைச் சார்ந்த இளைஞர்களைச் சேர்த்து, சுரேஷ் முகுந்தும் வெர்னன் மொண்டேரோவும் அதனை உருவாக்கினர். அவர்களுடைய வாழ்வைத் தழுவி, ரெமோ டிசோசா இயக்கத்தில் ‘ஏபிசிடி 2’ என்னும் இந்தித் திரைப்படம் 2015இல் வெளிவந்தது. அதில் ஆசானாக நடித்தவர் பிரபுதேவா. பிறருடைய ஆட்டத்தைப் பார்த்து ஆடியதாகப் பழிசுமந்த ஒரு குழு, அப்பழியைத் துடைக்க உலகப் போட்டிக்குச் செல்வதே அப்படத்தின் கதை. இக்கதையின் கரு ஆசிரியர்கள் கருதத்தக்கதாகும். எக்கலையும் போலச் செய்தலில்தான் தொடங்குகின்றது. போலச் செய்தலிலேயே நின்றுவிட்டால் அது கலையாகாது.

அதே 2015ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சாண்டியாகோ நகரில் நடைபெற்ற உலக ஹிப் ஹாப் நடனப் போட்டியில் கிங்ஸ் யுனைடெட் வெண்கலப் பதக்கம் பெற்றது. 2019இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் ‘வேர்ல்ட் ஆஃப் டான்ஸ்’ போட்டியில் முதலிடம் பெற்று, பத்து இலட்சம் டாலர் பரிசை வென்றது. அப்போட்டியில் அவர்கள் அமெரிக்கரைப் போல் ஆட முனையவில்லை. இந்தியத் திரையிசையையும் போர்வீரர் கோலத்தையும் மேடைக்குக் கொண்டு சென்றனர். ஆட்டத்தின் இலக்கணம் பிராங்ஸிலிருந்து வந்தது. பொருள் இந்திய மண்ணிலிருந்து வந்தது. வெற்றியின் அடிப்படை இதுவே எனலாம்.

மும்பையின் மற்றொரு குழுவான ‘வி அன்பீட்டபிள்’, உடல்வித்தையும் ஆட்டமும் கலந்து நிகழ்த்துவது. 2019இல் ‘அமெரிக்காஸ் காட் டேலண்ட்’ போட்டியில் அது நான்காம் இடம் பெற்றது. இறுதிச் சுற்றில் ‘பேட்ட’ என்னும் தமிழ்த் திரைப்படத்தின் பாடலுக்கு ஆடியது. 2020இல் அதே நிகழ்ச்சியின் வாகையர் போட்டியில் வென்றது. அக்குழுவின் பெயரில் உள்ள ‘வி’ என்னும் எழுத்து, பயிற்சியின்போது நேர்ந்த விபத்தால் உயிரிழந்த விகாஸ் என்னும் தோழனைக் குறிக்கின்றது. கைதட்டலுக்குப் பின்னால் இத்தகைய துயரமும் உண்டு. தக்க ஆசானும் பாதுகாப்பும் இன்றி இளைஞர் அந்தரத்தில் பாய்வது வீரமாகாது என்பதை இப்பெயர் ஓயாது நினைவூட்டுகின்றது.

மலேசியத் தமிழரும் இக்கலையில் வெறும் பார்வையாளராக இருந்ததில்லை. ‘போயட்டிக் அம்மோ’ குழுவினர் 1998இல் வெளியிட்ட இசைத்தொகுப்பின் வழி யோகி பி பெயர் பெற்றார். பின்னர் அவர் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோருடன் ‘யோகி பி நட்சத்ரா’ என்னும் குழுவாக இணைந்து, 2006இல் ‘வல்லவன்’ தொகுப்பை வெளியிட்டார். தமிழ் ஹிப் ஹாப் இசைக்கு வழிகாட்டியாக அமைந்த அது, மலேசிய மண்ணிலிருந்து தமிழகத்திற்குச் சென்று பரவியது. அமெரிக்கத் தாளத்தில் தமிழ்ச்சொல் தடையின்றி நடைபோடும் என்பதை அது காட்டியது. சொல்லுக்கு இயன்றது அசைவுக்கும் இயலும்.

அதற்கான வித்து பேராக்கிலேயே உள்ளது. தைப்பூச நாளில் ஈப்போ புந்தோங் மாரியம்மன் ஆலயத்திலிருந்து கல்லுமலை முருகன் ஆலயம் நோக்கிக் காவடிகள் செல்லும்போது உறுமியின் முழக்கத்தைக் கேட்டோர், தெருத்தாளம் தமிழரை விட்டு நீங்கவில்லை என்பதை உணர்வர். தோட்டம் போயிற்று, தாளம் போகவில்லை. அத்தாளத்தைக் கேட்டு வளரும் பிள்ளைகள் கைப்பேசித் திரையில் பிறநாட்டார் அசைவுகளைப் பார்த்துப் பழகுகின்றனர். தப்பாட்டத்தின் அடவும் கோலாட்டத்தின் சுற்றும் காவடியின் சுழற்சியும் அவர்களுடைய ஆட்டத்தில் கலக்குமாயின், அது ஈப்போவில் பிறந்த ஆட்டம் எனப் பெயர் பெறும்.

மாதவி ஐந்தாம் வயதில் ஆடல் பயிலத் தொடங்கி, ஏழாண்டுகள் பயின்ற பின்னரே பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள். அவளுக்கு ஆடலாசான், இசையாசான், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் எனப் பலர் துணைநின்றதை அரங்கேற்று காதை விரித்துரைக்கின்றது. ஒருத்தியின் ஆட்டத்திற்குப் பின்னால் ஒரு குழுவே நின்றது. இன்றைய இளைஞர்க்கும் அத்தகைய துணை வேண்டும். மாலை வேளையில் தமிழ்ப்பள்ளி மண்டபத்தின் கதவைத் திறந்துவிடும் ஆசிரியரும், பாட்டெழுதித் தரும் தமிழறிந்தோரும், உறுமியின் நுட்பம் கற்பிக்கும் முதியோரும் அத்துணையாகலாம். தோட்டத்தோடு இழந்த திடலைப் பிள்ளைகளுக்கு மீண்டும் அளிக்கும் கடமை, அத்திடலில் ஆடியவர்களின் வழித்தோன்றல்களுக்கே உரியது.