கழுத்தை வளைக்காமல் ஒரு குழாய்

கழுத்து எலும்பில் ஆபரேஷன். முந்தின நாள் மயக்க டாக்டர் வந்து, "நீங்க முழிச்சிட்டு இருக்கும்போதே மூச்சுக்குழாய்ல ட்யூப் போட்டுடுவோம், அப்புறம்தான் மயக்கம்" என்கிறார். வீட்டார் ஆடிப்போகிறார்கள். எங்கள் புனே காலனியில் ஒரு மாமாவுக்கு இப்படி ஆனபோது, ஆஸ்பத்திரியையே மாற்றிவிடலாமா என்று மாமி என்னிடம் கேட்டார். நான் பி.காம். படித்துவிட்டு பேங்கில் லோன் ஃபைல் பார்க்கிறவன். ஆனாலும் கேட்டுவிட்டாரே என்று தேடிப் படித்தேன். கதை சுவாரசியமானது.

1878-ல் கிளாஸ்கோவில் வில்லியம் மெக்யூவன் என்ற சர்ஜன், தொண்டையில் துளை போடாமல், வாய் வழியாகவே குழாயை இறக்கி மயக்கம் கொடுத்தார். கண்ணால் பார்த்து அல்ல, விரலால் தடவி. குழாய் போகும்போது நோயாளி முழித்துக்கொண்டுதான் இருந்தார்! ஆக, இது நேற்று வந்த பழக்கம் இல்லை.

பிறகு லாரிங்கோஸ்கோப் வந்தது. 1943-ல் மெக்கின்டாஷ் செய்த வளைந்த தகடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், குரல்வளை நேராகத் தெரிய தலையைப் பின்னால் சாய்க்க வேண்டும். எலும்பு நிலைகுலைந்த கழுத்தில் அந்தச் சாய்ப்பே தண்டுவடத்தை நசுக்கிவிடலாம். கைகால் போய்விடும்.

வழி பிறந்தது ஆபரேஷன் தியேட்டரில் அல்ல, பௌதிக லேபில். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹாப்கின்ஸும், பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும், மெல்லிய கண்ணாடி இழைக் கட்டு வளைந்தாலும் அதன் வழியே படம் போகும் என்று 1954-ல் காட்டினார்கள். (நம்மூர் ஆள்! 2020-ல் இறந்தார். பத்ம விபூஷண் அதற்கு அடுத்த வருஷம்தான். நம் வழக்கம் அப்படி.) 1967-ல் இங்கிலாந்தில் பீட்டர் மர்ஃபி என்ற மயக்க டாக்டர், பித்தக்குழாயைப் பார்க்க வைத்திருந்த இழைக் கருவியை எடுத்து, மூட்டுவாத நோயாளி ஒருவரின் மூக்கு வழியாக விட்டுக் குழாயைச் செருகினார். கருவிதான் வளைந்தது, கழுத்து இல்லை.

இப்போது வீடியோ லாரிங்கோஸ்கோப்பும் இருக்கிறது. பல பேருக்கு மயக்கம் கொடுத்தபின், கழுத்து அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, அதிலேயே போட்டுவிடுகிறார்கள். கழுத்து ரொம்ப ஆபத்தான நிலையில் இருந்தால்தான் பெரும்பாலும் முழிப்பில் போடும் யோசனை. தொண்டையை மரத்துப்போக வைத்து, லேசாக அமைதிப்படுத்தி, குழாய் போனதும் "கையை அசைங்க, காலை அசைங்க" என்பார்கள். அசைந்தால் தண்டுவடத்துக்குப் புதிதாக ஒன்றும் ஆகவில்லை என்று தெரியும். அதைப் பார்த்த பிறகுதான் தூங்க வைப்பார்கள்.