பார்வையிழந்த துப்பாக்கிகள்

துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டு மகிழ்கின்ற நாட்டிலிருந்து எழுதுபவன் அல்லன் நான். எனினும், எவரையும் காயப்படுத்தாத ஒரு துப்பாக்கியின் வரலாறு அண்மைக்காலமாக என்னை ஈர்த்து வருகின்றது. கணினி விளையாட்டுகளுக்கான ஒளித்துப்பாக்கியே அது.

அமெரிக்காவின் சீபர்க் நிறுவனம் 1936 இல் வெளியிட்ட ‘ரே-ஓ-லைட்’ இயந்திரத்தில் துப்பாக்கி ஒளியைப் பாய்ச்சியது. இலக்கான வாத்து அதனை உணர்ந்தது. 1970 இல் ஜப்பானின் நிண்டெண்டோ விற்பனை செய்த விளையாட்டுத் துப்பாக்கியும் இவ்வகையானதே.

தொலைக்காட்சித் திரைக்கு வந்தபோது இந்த ஒழுங்கு தலைகீழாயிற்று. 1984 இல் ஜப்பானில் வெளியான ‘டக் ஹண்ட்’ விளையாட்டை எடுத்துக்கொள்வோம். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுக்கும். அடுத்த கணம் வாத்து நின்ற இடத்தில் ஒரு வெண்கட்டம் தோன்றும். குழலினுள் இருக்கும் ஒளியுணரி அந்த வெண்மையைக் கண்டால் வாத்து வீழ்ந்துவிடும். திரை கறுத்திருக்கையிலும் வெளிச்சம் தெரிந்தால் அந்தச் சூடு செல்லாது; மின்விளக்கை நோக்கிக் குறிவைத்து ஏமாற்றுவோருக்கான தடை இது! உண்மையில், துப்பாக்கி எதனையும் சுடவில்லை. பார்க்க மட்டுமே செய்தது.

பின்னர் வந்தவை மேலும் நுட்பமானவை. பழைய கண்ணாடிக் குழாய்த் திரையில் இலத்திரன் கற்றை படத்தை வரிவரியாக வரைந்து செல்லும். அக்கற்றை கண்ணில் படும் நேரத்தைக் கொண்டே நம்கோவின் ‘கன்கொன்’ குறிவைத்த இடத்தைக் கணித்தது.

தட்டைத் திரைகள் பரவியதும் இக்கலை மடிந்தது. அவற்றில் கற்றை இல்லை. படமும் சற்றுத் தாமதித்தே தோன்றும். துப்பாக்கிகள் பழுதடையவில்லை. பார்ப்பதற்குத்தான் எதுவுமில்லாமற் போயிற்று.

இன்று ஆர்வலர்கள் அவற்றுக்குப் புதுக்கண் பொருத்துகின்றனர். 2019 இல் பொதுமக்களிடம் நிதி திரட்டிய, பிரித்தானியாவின் ‘சிண்டன்’ துப்பாக்கியில் ஒரு சிறு கமரா உண்டு. படத்தைச் சுற்றி வரையப்படும் வெண்சட்டகத்தைக் கண்டு அது இடமறிகின்றது. ‘கன்ஃபோர்ஐஆர்’ முறையோ திரையோரத்து அகச்சிவப்பு விளக்குகளை நோக்குகின்றது. பழைய துப்பாக்கிகளின் உட்பாகங்களை அகற்றிவிட்டு, உறைக்குள் இதனைப் பொருத்துவோரும் உளர்.

கையிலிருக்கும் கனமும் விசையின் ‘டிக்’ ஒலியும் மிஞ்சுகின்றன என்பது அவர்களது நியாயம். ‘மவுசை’ நகர்த்தி வாத்துச் சுடுவதில் என்ன சுவை? எனினும் ஒரு தயக்கம் எனக்குண்டு. கம்பி அறுந்து, உணரி செத்துப்போனவற்றை அவ்வாறு செய்யட்டும். பழைய தொலைக்காட்சியின் முன் இன்றும் வாத்தை வீழ்த்தக்கூடிய துப்பாக்கியின் திருகாணியைக் கழற்ற நான் துணியமாட்டேன்.