பட்டயமும் பொதுநன்மையும்: பிரித்தானிய அளவையாளரின் தொழிலொழுக்கம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையிலே ‘சேவையர்’ என்றதும் சங்கிலியும் தியோடலைற்றும் கொண்டு காணி அளப்பவரே நினைவுக்கு வருவர். இங்கிலாந்திலே அச்சொல்லின் பொருட்பரப்பு இதனினும் விரிந்தது. நிலத்தை அளப்போர் மட்டுமன்றி, காணிக்கும் கட்டடத்துக்கும் விலை மதிப்போர், பெருநிலவுடைமையாளரின் ஆதனங்களை மேற்பார்வை செய்வோர், கட்டட வேலைக்கு வேண்டிய பொருள்களின் அளவையும் செலவையும் கணிப்போர் ஆகிய அனைவரும் அங்கு அளவையாளர் எனவே வழங்கப்படுவர். இவர்களுள் விலை மதிப்போரின் கதையே இத்தொழிலின் ஒழுக்கநெறி உருவான விதத்தைத் தெளிவாகக் காட்டுவது. சங்கிலியால் அளந்த நீளத்தை வேறொருவர் மீண்டும் அளந்து சரிபார்க்கலாம். மதிப்போ ஒருவரின் கருத்து. அக்கருத்துக்குக் கூலி கொடுப்பவர் ஒருவர். அதனால் வாழ்வோ தாழ்வோ அடைபவர் பெரும்பாலும் வேறொருவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுக்கூற்றிலே புகையிரதப் பாதைகள் இங்கிலாந்தை ஊடறுத்துச் சென்றபோது இச்சிக்கல் கூர்மையடைந்தது. கம்பனிகள் பாராளுமன்றத்தின் அதிகாரத்தைப் பெற்று, விற்க விரும்பாதவரிடமிருந்தும் காணியை எடுத்தன. எடுக்கலாமா என்பது பாராளுமன்றத்திலே முடிந்துவிடும். எவ்வளவு நட்டஈடு என்பதே பின்னர் எஞ்சும் பிணக்கு. 1845 இல் நிறைவேறிய காணி வாசகங்கள் ஒருங்கிணைப்புச் சட்டம் இதற்கான நடைமுறையை வகுத்தது. இணக்கம் ஏற்படாதவிடத்து நடுத்தீர்ப்பாளரோ யூரிமாரோ தொகையை நிர்ணயிப்பர். அவர்கள் முன்னிலையிலே உடைமையாளரின் அளவையாளர் தொகையை உயர்த்தியும், கம்பனியின் அளவையாளர் தாழ்த்தியும் சாட்சியமளித்தல் இயல்பாயிற்று. ஒரே வயலுக்கு இரு விலைகள். இரண்டையும் கூறியோர் ஒரே தொழிலினர்.

இச்சட்டத்திலே அதிகம் பேசப்படாத ஓர் ஏற்பாடும் உண்டு. காணிக்குரியவர் நாட்டில் இல்லாதவிடத்து, அன்றி விசாரித்தும் அவரைக் கண்டுபிடிக்க இயலாதவிடத்து, சமாதான நீதவான்கள் இருவர் தேர்ச்சியுள்ள அளவையாளர் ஒருவரை நியமிப்பர். மதிப்பீட்டைத் தொடங்குமுன் அவர், பக்கஞ்சாராது நேர்மையுடன் கடமையைச் செய்வதாக அந்நீதவான்கள் முன்னிலையிலே பிரகடனஞ் செய்து கையொப்பமிடல் வேண்டும். அங்கு அவரை எதிர்த்து வாதாட எவருமில்லை. குறைத்து மதித்தாலும் அன்று கேட்பாரில்லை. எதிரே நின்று கேள்வி கேட்க இயலாத ஒருவருக்கு அளவையாளர் கடமைப்பட்டவர் என்னும் எண்ணம் சட்டநூலிலே இவ்வாறு இடம்பெற்றது. பிற்காலத்து நடத்தை விதிகள் பலவற்றை இப்பிரகடனத்தின் விரிவாகவே கொள்ளலாம்.

1868 இல் இலண்டன் வெஸ்ற்மின்ஸ்ரர் பலஸ் ஹொட்டலிலே கூடிய அளவையாளர் சிலர் ஜோன் குளட்டனைத் தலைவராகக் கொண்டு ஒரு நிறுவகத்தை அமைத்தனர். 1881 இல் அதற்கு அரச பட்டயம் கிடைத்தது. அப்பட்டயம் அதற்கு இரு நோக்கங்களை விதித்தது. தொழிலின் நலன்களை வளர்த்தல் ஒன்று. பொதுமக்களின் நன்மைக்காக அத்தொழிலின் பயனைப் பேணி விரித்தல் மற்றொன்று. இவ்விரண்டும் என்றும் ஒரு திசையிலேயே செல்லும் என்று பட்டயத்தை வரைந்தோர் கருதினர் போலும். நிறுவகத்தின் பிற்கால வரலாறு அக்கருத்துக்கு இடந்தரவில்லை.

பட்டயம் கிடைப்பதற்கு முன்னரே, 1873 இல் ஆபிஞ்சர் எதிர் ஆஷ்ரன் வழக்கிலே சேர் ஜோர்ஜ் ஜெசல், பணம் பெற்றுச் சாட்சியமளிக்கும் நிபுணர் தம்மை அமர்த்தியவர் பக்கம் சாய்வது மனித இயல்பே என்னும் கருத்தை வெளிப்படையாகக் கூறியிருந்தார். நேர்மையாளரிடத்தும் இச்சாய்வு நிகழும் என்பதே அவர் கூற்றின் உட்பொருள். எனினும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலே தொழில் நடத்தை என்பது விளம்பரஞ் செய்யாமை, சக தொழிலாளரின் வாடிக்கையாளரைக் கவராமை, விதித்த கட்டண அளவுக்குக் கீழே இறங்காமை என்பவற்றையே பெரிதும் சுற்றிநின்றது. இவை தொழிலாளர் தமக்குள் பேணிய மரியாதைகள். வெளியாருக்கு இவற்றால் விளைந்த நன்மை சிறிது. 1977 இல் தனியுரிமைகள் ஆணைக்குழு, கட்டாயக் கட்டண அளவுகள் பொதுநலனுக்கு மாறானவை எனக் கண்டது. அதற்குச் சற்றுமுன், 1973-74 இல் இங்கிலாந்தின் ஆதனச் சந்தை வீழ்ந்தபோது மதிப்பீடுகளின் நம்பகத்தன்மை வினாவுக்குள்ளாக, 1976 இல் ‘செந்நூல்’ எனப்படும் மதிப்பீட்டு வழிகாட்டி வெளியாயிற்று.

ஆயினும் அளவையாளர் எவருக்குக் கடமைப்பட்டவர் என்னும் வினாவுக்குத் தெளிவான விடையை நல்கியது நிறுவகமன்று, நீதிமன்றமே. ஸ்மித் எதிர் எரிக் எஸ். புஷ் வழக்கு இதற்குச் சான்று. சிறிய வீடொன்றை வாங்க விரும்பிய பெண்ணொருவர் கட்டடச் சங்கம் ஒன்றிடம் கடன் கேட்டார். சங்கம் தன் பாதுகாப்புக்காக அளவையாளரைக் கொண்டு வீட்டை மதிப்பிடச் செய்தது. அதற்கான கட்டணம் 40 பவுணுக்கும் குறைவு. அதைச் செலுத்தியவர் அப்பெண்ணே. அவசியமான திருத்தங்கள் எவையுமில்லை என்றது அறிக்கை. உண்மையிலே, கீழே இருந்த புகைபோக்கிச் சுவர் முன்னரே அகற்றப்பட்டிருந்தது. கூரையின்கீழ் எஞ்சிய செங்கற்பகுதி தாங்குவாரின்றி நின்றது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டின் பின் அது சரிந்து, கூரைத்தட்டைப் பிளந்துகொண்டு அறைக்குள் விழுந்தது.

அளவையாளர் தரப்பினர் இரண்டு காரணங்களை முன்வைத்தனர். தம்மை அமர்த்தியது சங்கமேயன்றி அப்பெண் அல்லர் என்பது முதலாவது. பொறுப்பேற்பதில்லை என்னும் வாசகம் முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது என்பது இரண்டாவது. பிரபுக்கள் சபை 1989 இல் இரண்டையும் ஏற்க மறுத்தது. சாதாரண வீடு வாங்குவோருட் பெரும்பாலோர் வேறு அறிக்கை பெறாது இதனையே நம்பி வாங்குவர் என்பது அளவையாளர் அறிந்ததே. ஆதலின் அவருக்கும் கடமை உண்டு. அதனைத் தட்டிக்கழிக்கும் வாசகம் 1977ஆம் ஆண்டின் நேர்மையற்ற ஒப்பந்த நியதிகள் சட்டத்தின்படி நியாயமற்றது. 1845 இன் காணாமற்போன உடைமையாளர் இங்கு அறிக்கையை நம்பிய வீட்டுக்காரியாக மீண்டும் தோன்றுகிறார்.

ஜெசல் சுட்டிய குறையும் காலந்தாழ்த்தியேனும் கவனிக்கப்பட்டது. 1999 இல் நடைமுறைக்கு வந்த இங்கிலாந்தின் குடியியல் நடவடிக்கைமுறை விதிகள், நிபுணரின் கடமை முதற்கண் நீதிமன்றத்துக்கே உரியது என்றும், கட்டணம் கொடுத்தவருக்கான கடமையை அது மேவி நிற்கும் என்றும் வகுத்தன.

இவ்வாறு உறுப்பினருக்கு நெறி வகுத்த நிறுவகம் தானே அந்நெறியில் இடறியமை இவ்வரலாற்றின் மிகக் கசப்பான பகுதி. 2018 இல் நடந்த உள்ளகக் கணக்காய்வொன்று, நிறுவகத்தின் நிதிக் கையாளுகையைப் பற்றி மிகத் தாழ்ந்த தரமதிப்பை வழங்கி, மோசடி நிகழ்ந்தாலும் வெளிப்படாதிருக்கக்கூடும் என எச்சரித்தது. அவ்வறிக்கை முகாமைச் சபையின் உறுப்பினர் அனைவருக்கும் உரியவாறு காட்டப்படவில்லை. நிறைவேற்று அதிகாரமற்ற உறுப்பினர் நால்வர் அதனைப் பற்றி வினாவெழுப்பினர். 2019 இன் பிற்பகுதியிலே அந்நால்வரும் நீக்கப்பட்டனர். புகைபோக்கியைக் காணாத அளவையாளர் கவலையீனத்தாற் தவறினார்; இங்கோ சுட்டிக்காட்டியவர்களே வெளியேற்றப்பட்டனர். இரண்டனுள் பின்னதே பாரதூரமானது.

சட்டத்தரணி அலிசன் லெவிற் நடத்திய சுயாதீன விசாரணையின் அறிக்கை 2021 செப்ரெம்பரிலே வெளியாயிற்று. நால்வரும் நியாயமான வினாக்களையே எழுப்பினர் என்றும் அவர்களை நீக்கியமை தவறு என்றும் அது முடிவுசெய்தது. தலைமை நிறைவேற்று அதிகாரியும் தலைவரும் உட்பட உயர்பதவியிலிருந்த பலர் விலகினர். நால்வரிடமும் நிறுவகம் மன்னிப்புக் கோரிற்று. இதன்பின் பிச்சாட் பிரபு நடத்திய மீளாய்வு 2022 யூனிலே வெளிவந்தது. தொழிலின் நலனும் பொதுநன்மையும் மோதுமிடத்து நிறுவகம் எப்பக்கம் நிற்றல் வேண்டும் என்னும் பழைய வினா அதிலே மீண்டும் நடுவிடம் பெற்றது.

அம்மீளாய்வுக்குச் சில மாதங்கள் முன்னர், 2022 பெப்ரவரி 2 ஆம் திகதி, ஐந்தே விதிகள் கொண்ட புதிய நடத்தை விதித்தொகுதி நடைமுறைக்கு வந்திருந்தது. அதன் ஐந்தாவது விதி பொதுநலனை முன்னிறுத்துவது. தவறென ஐயுறும் செயல்களையும் முடிவுகளையும் உறுப்பினர் வினாவுதல் வேண்டும் என்றும், அவ்வாறு குரலெழுப்புவோருக்குத் துணைநிற்கும் ஒழுங்குகளைத் தொழில் நிறுவனங்கள் வைத்திருத்தல் வேண்டும் என்றும் அவ்விதியின்கீழ்த் தரப்பட்ட விளக்கங்கள் கூறுகின்றன.